வாவிக்கரை வரை சக்கர நாற்காலி: ஒரு குறுநடைபாதைக்கு என்ன தேவை?

மட்டக்களப்பிலிருந்து கல்முனை செல்லும் பிரதான வீதியில் உள்ள பெரியகல்லாறு, ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியும் நெருக்கும் ஒடுங்கிய நிலம். சுமார் 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவி கடலோடு கலக்கும் இரண்டு முகத்துவாரங்களில் ஒன்று இங்குள்ளது. மற்றையது நகருக்கு அருகே பாலமீன்மடுவில். தண்ணீர் யாருக்கும் தூரமில்லை. ஆனால் போரில் காலை இழந்தவருக்கும், பாரிசவாதத்தால் நடக்க முடியாதுபோனவருக்கும், தள்ளாத வயதினருக்கும் வீதிக்கும் நீருக்கும் இடைப்பட்ட சில பத்து மீற்றர் மணலே பெருந்தூரம்.

இந்தத் தூரத்தைக் கடக்கப் பல நாடுகளில் குளக்கரைகளிலும் ஏரிக்கரைகளிலும் சக்கர நாற்காலி செல்லும் குறுநடைபாதைகள் அமைக்கப்பட்டுள்ளன. இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்திலுள்ள டார்ன் ஹௌஸ் ஓர் உதாரணம். நம் குளங்களைப் போலவே அதுவும் அணைகட்டி உருவாக்கப்பட்ட நீர்நிலைதான். அதைச் சுற்றி ஏறக்குறைய 2.8 கிலோமீற்றர் பாதை இருக்கிறது. நமக்கு அவ்வளவு வேண்டியதில்லை. தடையின்றிப் போய்த் திரும்ப 200 மீற்றர் கிடைத்தாலே போதும்.

மேட்டுநில நாடுகளில் பெரிய சிக்கல் சரிவு. 20 மீற்றர் தூரத்துக்கு 1 மீற்றருக்கு மேல் உயராத பாதையைப் பெரும்பாலானோர் தாமாகவே கடக்கலாம். 12 மீற்றருக்கு 1 மீற்றர் என்றால் குறுகிய தூரத்துக்கே பொருந்தும். தட்டையான நம் கரையோரத்தில் அரை மீற்றர் உயரமான அணைக்கட்டில் ஏற 10 மீற்றர் சாய்தளம் போதும். இங்குள்ள சிக்கல் மணலும் மழையும். சக்கர நாற்காலியின் முன்சக்கரங்கள் சிறியவை. தளர்ந்த மணலில் அவை புதைந்தால் பின்னாலிருந்து தள்ளுபவராலும் நகர்த்த முடியாது. நன்றாக இறுக்கிய கிறவல், கொங்கிறீற்று, பலகை ஆகிய மூன்றும் இதற்கு உதவும். பலகையென்றால் செல்லும் திசைக்குக் குறுக்காகப் பதிக்க வேண்டும். இடைவெளி 13 மில்லிமீற்றரைத் தாண்டினால் சக்கரம் சிக்கும்.

அகலம் குறைந்தது 90 சென்ரிமீற்றர். நாற்காலி திரும்புவதற்கு ஒன்றரை மீற்றர் அகலத்தில் சில இடங்கள் வேண்டும். பாதையோரத்தில் தாழ்ந்த விளிம்பு கட்டினால் சக்கரம் நழுவாது, பார்வையற்றவரின் கோலுக்கும் அது வழிகாட்டும். பலர் தவறவிடுவது கைப்பிடி வேலியை. நிற்பவருக்கு இடுப்பளவில் இருக்கும் மேற்கம்பி, அமர்ந்திருப்பவரின் கண்ணுக்கு நேரே குறுக்கிடும். அவ்வளவு தூரம் வந்தவர் கொக்கையும் நீர்க்காகத்தையும் பார்க்காமல் கம்பியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பார்வையிடத்தில் மட்டும் வேலியைத் தாழ்த்தலாம். அதற்காகக் கண்டல் மரங்களை வெட்ட வேண்டாம். அவற்றிடையே இயல்பாக உள்ள வெளிகளைத் தேடி அங்கே பாதையைத் திருப்பினால் போதும்.

நுழைவாயில் இன்னொரு தலைவலி. மோட்டார் சைக்கிளைத் தடுக்க நடப்படும் தூண்கள் சக்கர நாற்காலியையும் தடுத்துவிடும். 90 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டால் மோட்டார் சைக்கிளும் நுழையும். இதற்கு முழுமையான தீர்வு கிடையாது. ஊரவர் கண்காணிப்பை நம்பி இடைவெளி விடுவதே மேல். பூட்டுப்போட்டுத் திறப்பை யாரிடமோ கேட்டு வாங்கச் சொல்லும் பாதையை எவரும் பயன்படுத்தப் போவதில்லை.

கட்டியபின் பராமரிப்பு இல்லாவிட்டால் என்னாகும் என்பதற்குச் சென்னை மெரினா அருகிலுள்ள பாடம். கடற்கரை மணலின் மேல் 263 மீற்றர் நீளமும் 3 மீற்றர் அகலமுமான மரப்பாதை 2022 நவம்பர் 27 அன்று திறக்கப்பட்டது. கடலைக் கிட்டத்தில் பார்த்திராத பலர் அதில் அலை வரை சென்றனர். இரண்டு வாரம் ஆகுமுன் மாண்டஸ் புயலில் அதன் கடல்பக்க முனை உடைந்தது. பிறகு சீர்செய்யப்பட்டது. வாவிக்கரையில் அத்தகைய அலை இல்லை. ஆனால் வடகீழ் பருவமழையில் நீர்மட்டம் ஏறும். வெள்ளம் வடிய முகத்துவாரத்தை வெட்டிவிடுவது மாவட்டத்தில் வழமை. ஆகவே மாரிகால நீர்மட்டத்தைப் பார்த்தே பாதையின் உயரத்தைத் தீர்மானிக்க வேண்டும். கோடையில் அளந்து கட்டினால் மார்கழியில் பாதை தண்ணீருக்குள் இருக்கும்.

இது யாரோ மனமிரங்கிச் செய்யும் உதவியல்ல. இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் 2006 ஒக்ரோபரில் வெளியான ஒழுங்குவிதிகள், பொதுக் கட்டடங்களோடு பொது இடங்களையும் மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்கதாக்கக் கோருகின்றன. அணுகு வசதியை வலியுறுத்தி உயர் நீதிமன்றம் 2011 ஏப்ரலில் கட்டளையிட்டது. அந்த வழக்கைத் தொடுத்தவர் கலாநிதி அஜித் பெரேரா. கிரிக்கெட் நடுவராக இருந்த அவர், 1992இல் சென்றுகொண்டிருந்த காரின் மீது மரம் விழுந்ததால் சக்கர நாற்காலிக்கு வந்தவர். 2016இல் இலங்கை ஏற்புறுதி செய்த ஐ.நா. சமவாயத்தின் 30ஆம் உறுப்புரை, பொழுதுபோக்கு இடங்களுக்குச் செல்வதையும் உரிமையாகவே வைக்கிறது. ஆனாலும் நம்மூரில் சாய்தளம் என்றாலே வங்கி வாசலும் பிரதேச செயலக வாசலும்தான் நினைவுக்கு வருகின்றன.

பெரியகல்லாற்றில் இப்படியொரு பாதையைக் கேட்க விரும்புவோர் மண்முனை தென் எருவில் பற்று பிரதேச சபையிலிருந்து தொடங்கலாம். இடம் கரையோர வலயத்துக்குள் வருவதால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். வரைபடம் கீறுமுன், சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவரை பஸ் தரிப்பிடத்திலிருந்து நீர்க்கரை வரை அழைத்துச் சென்று பார்க்கட்டும். அவர் எங்கெங்கே நிற்க வேண்டியிருக்கிறதோ அங்கெல்லாம் ஒரு குறி இட்டால், செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் அதுதான்.