மூன்றாவது கம்பி
கல்கத்தாவில் மின்சாரம் வீடு புகுந்த வரலாறு

ஆண்டு விழா மலருக்கு ஏதேனும் எழுதித் தரவேண்டுமென்று சங்கச் செயலாளர் அவர்கள் கேட்டபொழுது, நாம் மிகவும் தயங்கினோம். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயில் குமாஸ்தாவாகப் புகுந்த நமக்கு இலக்கியம் பேசும் தகுதி ஏது? ஆயினும், சென்ற கோடையில் நம் இல்லத்தில் நேர்ந்த ஒரு விபத்து, இந்நகரில் மின்சாரம் வீட்டுக்குள் வந்த வரலாற்றைத் தேடிப் படிக்கும்படி நம்மைத் தூண்டிற்று. படித்தவற்றை முதலில் கூறி, விபத்தைப் பின்னர்க் கூறுவோம்.

கல்கத்தா மாநகரம் மின்விளக்கை முதன்முதலில் கண்டது 1879 ஆம் ஆண்டு ஜூலை 24 ஆம் நாள். அது வெறும் காட்சி விளக்கு; வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வீடு திரும்பி எண்ணெய் விளக்கைத்தான் ஏற்றியிருப்பார்கள். 1895 இல் கல்கத்தா மின்விளக்குச் சட்டம் இயற்றப்பட்டது. 1897 ஜனவரியில் கில்பர்ன் கம்பெனியார் உரிமம் பெற்றனர். அதன்பொருட்டு லண்டனில் பதிவான கம்பெனியே சில வாரங்களில் கல்கத்தா மின்வழங்கு கார்ப்பரேஷன் என்னும் பெயரை ஏற்றது. 1899 ஏப்ரல் 17 அன்று பிரின்செப் தெருவை அடுத்த எமாம்பாக் சந்தில் அதன் முதல் மின் நிலையம் இயங்கலாயிற்று. 1902 இல் டிராம் வண்டிகள் குதிரையை விட்டு மின்சாரத்திற்கு மாறின. இவ்வொன்றில் மட்டும் நம் மதராஸ் முந்திக்கொண்டது. அங்கே 1895 இலேயே மின்சார டிராம் ஓடிற்று என்பதை வங்காள நண்பர்களிடம் சொல்லிப் பெருமைப்படத் தடையில்லை.

செல்வர் மாளிகைகள் மின்சாரத்தை விரும்பி அழைத்ததற்கு விளக்கு மட்டும் காரணமன்று, விசிறியும் காரணம். அதுகாறும் வராந்தாவில் அமர்ந்து கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த பங்கா இழுப்பவனின் வேலையை மின்விசிறி எடுத்துக்கொண்டது. அவன் குடும்பம் பின்னர் என்ன செய்தது என்று எந்தப் புத்தகத்திலும் நாம் காணவில்லை.

அந்நாளில் வழங்கப்பட்டது டி.சி. எனப்படும் நேர் மின்சாரம். எப்பொழுதும் ஒரே திசையில் ஓடுவது. ஆதலின் அக்காலத்து விசிறிகளுக்குள் கரித்துண்டுகள் உராய்ந்துகொண்டிருக்கும்; தேய்ந்தவுடன் மாற்றவேண்டும். டி.சி.யை மின்கல அடுக்குகளில் சேமித்து வைக்கலாம் என்பது நன்மை. ஆனால் அதனை வேண்டியபடி உயர்த்தவும் தாழ்த்தவும் அக்காலத்தில் எளிய வழி இல்லை. குறைந்த அழுத்தத்தில் நெடுந்தொலைவு அனுப்பினால் வழியிலேயே பெரும்பகுதி வீணாகும். எனவே மின் நிலையம் வீடுகளுக்கு அருகிலேயே இருக்கவேண்டியதாயிற்று. அதன் புகையும் உடன் வந்தது.

ஏ.சி. எனப்படும் மாறு மின்சாரத்திற்கு இக்குறை இல்லை. டிரான்ஸ்பார்மர் என்னும் கருவியால் அழுத்தத்தை உயர்த்தி, தொலைவுக்கு அனுப்பி, வீட்டருகே மீண்டும் தாழ்த்திக்கொள்ளலாம். 1902 இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து கோலார் தங்க வயலுக்கு ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு மின்சாரம் சென்றது இவ்வழியேதான். அச்சுரங்கங்களில் உழைத்தவருள் நம் வட ஆர்க்காட்டு மக்கள் பலர்.

ஆயினும் கல்கத்தாவின் பழைய பகுதிகளில் நாடு விடுதலை பெற்ற பின்னரும் பல ஆண்டுகள் டி.சி. நீடித்தது. ஏ.சி.க்கு மட்டுமே அமைந்த வானொலிப் பெட்டியை டி.சி. வீட்டில் செருகினால், உள்ளிருக்கும் டிரான்ஸ்பார்மர் கருகிவிடும். ஊரிலிருந்து பெட்டியைத் தூக்கிவந்து முதல் நாளே புகையக் கண்டவர் கதையை நம் காலனியில் மூத்தோர் இன்றும் சொல்லிச் சிரிப்பர். வீடு பார்க்கப் போகிறவர், வாடகை எவ்வளவு என்பதற்கு முன் ஏ.சி.யா டி.சி.யா என்று கேட்பாராம்.

நம் ரயில்வேயும் இதே பாதையில் வந்ததுதான். 1925 இல் பம்பாயிலும், 1931 இல் மதராஸ் கடற்கரை–தாம்பரம் மார்க்கத்திலும் 1500 வோல்ட் டி.சி.; 1957 இல் ஹவுராவிலும் டி.சி.யே, 3000 வோல்ட். பின்னர் 25,000 வோல்ட் ஏ.சி.யே சிறந்ததென முடிவாகி, எல்லாம் மாற்றப்பட்டன. பம்பாயின் கடைசி டி.சி. வண்டி ஓடி ஓய்ந்தது 2016 இல்.

இனிச் சட்டத்திற்கு வருவோம். 1910 இல் இந்திய மின்சாரச் சட்டமும், 1956 இல் இந்திய மின்சார விதிகளும் வந்தன. அச்சட்டத்திற்குப் பதிலாக 2003 இன் சட்டம் வந்துவிட்டது. 1956 விதிகளுள் ஒன்று நமக்கு மிகவும் வியப்பளித்தது. பழைய வீடுகளில் போகும் கம்பிக்கு ஒன்றும் திரும்பும் கம்பிக்கு ஒன்றுமாக இரண்டு பியூஸ் வைப்பது வழக்கம். இரண்டு இருந்தால் இரட்டிப்புப் பாதுகாப்பு என்றுதான் எவரும் எண்ணுவர். விதியோ, தரையோடு இணைந்த திரும்பும் கம்பியில் தனியே பியூஸ் கூடாது என்றது. ஏனெனில் அந்தப் பியூஸ் மட்டும் போனால் விளக்கு அணைந்துவிடும்; மின்சாரம் போய்விட்டதென்று நம்பி ஏணியில் ஏறிக் கைவைப்பவனுக்கு உயிர்க் கம்பி அப்படியே காத்திருக்கும்.

விளக்கும் விசிறியும் மட்டும் இருந்த வீட்டுக்கு இரண்டு கம்பி போதும் என்றிருந்தது. இஸ்திரிப் பெட்டி, தண்ணீர்ப் பம்பு, குளிர்சாதனப் பெட்டி என்று இரும்பு உடம்புள்ள பொருள்கள் வந்தபோதுதான் மூன்றாவது கம்பியாகிய எர்த் இன்றியமையாததாயிற்று. மூன்று முள் பிளக்கில் மேலே உள்ள முள் ஏனையவற்றைவிடத் தடித்தும் நீண்டும் இருப்பதைத் தாய்மார்கள் கவனித்திருக்கலாம். அது முதலில் நுழைந்து கடைசியில் வெளிவரவேண்டும் என்பதற்காகவே அவ்வாறு செய்துள்ளனர்.

நம் வீட்டு போர்டில் இரண்டு துளைகளே இருந்தன. புதிய இஸ்திரிப் பெட்டியின் மூன்று முள் பிளக் அதில் நுழையவில்லை. நாமே அதனைக் கழற்றி எறிந்து, பச்சைக் கம்பியை மடக்கி ஒட்டுத் துணி சுற்றி, இரண்டு முள் பிளக்கை மாட்டினோம். ஓராண்டு ஒரு குறையும் இல்லை. சென்ற மே மாதம், தரையைத் துடைத்த ஈரக் காலோடு நம் இல்லாள் பெட்டியைத் தொட்டார். அலறலைக் கேட்டு ஓடினோம். பெட்டி கையை விட்டுத் தெறித்து விழுந்ததனால் உயிர் தப்பியது. பியூஸ் போகவேயில்லை.

எதிர் வீட்டு அண்ணாச்சி மின்பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். வந்து பார்த்துவிட்டு, "தம்பி, பியூஸ் கம்பியைக் காப்பாத்த வச்சது. மதினியைக் காப்பாத்த இல்லே," என்றார். கணக்கும் சொன்னார். ஐந்து ஆம்பியர் பியூஸ் உருக 5000 மில்லி ஆம்பியருக்கும் மேல் ஓடவேண்டும். மனிதன் இதயம் குலைய நூறு மில்லி ஆம்பியர், சில நொடிகள் போதும். இக்காலத்தில் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் கருவி கடைகளில் கிடைக்கிறது. அன்று மாலையே அதனை வாங்கினோம்.

மூன்று துளை போர்டும் பச்சைக் கம்பியும் பொருத்தியான பின், அண்ணாச்சி கொல்லைப்புறம் சென்று, "எர்த் குழி எங்கே?" என்று கேட்டார். நமக்குத் தெரியவில்லை. பாத்திரம் துலக்க நாமே ஆறாண்டுகளுக்கு முன் போட்ட சிமெண்டுத் திண்ணையை உடைத்துப் பார்த்தோம். கரியும் உப்பும் இட்டுப் புதைத்த இரும்புக் குழாயின் வாய் அடியில் இருந்தது. மண் சாம்பல்போல் உலர்ந்து கிடந்தது. குழாய் வாயில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினோம். ஊற்ற ஊற்ற உள்ளே போய்க்கொண்டே இருந்தது. மூன்றாவது வாளியைக் கொண்டுவரச் சொன்னார்.