எடுக்கக் கூடாத படம்

1913-ஆம் ஆண்டு. ஜெர்மனியில் தெஸ்ஸாவ் என்ற ஊரில் ஒரு சின்ன சினிமாக் கொட்டகை. பக்கத்து லைப்ஸிக் நகரத்திலிருந்து வந்த இளம் எழுத்தாளர்கள் சிலர் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். ஓடியது ஒரு சீமாட்டியின் சாகசங்களைச் சொல்லும் பழைய படம். ஊமைப்படக் காலம் என்பதால் ஓரமாக ஒரு பியானோ. அது போதாதென்று, ஓர் ஆள் நின்றுகொண்டு அந்த வட்டாரத்துச் சாக்ஸன் கொச்சையில் கதை விளக்கம் வேறு சொல்லிக்கொண்டிருந்தார். இரவு நேரம், பனிமூட்டம், அதில் சீமாட்டி போகிறாள் என்று திரையில் தெரிவதையே வாயாலும் ஒருமுறை சொன்னார். நம் ஊர்க் கொட்டகைகளிலும் ஊமைப்பட நாளில் இப்படி ஒருவர் நின்று கதை சொன்னதுண்டு. ஜனங்களுக்கு அது பிடித்திருந்தது. லைப்ஸிக் எழுத்தாளர்களுக்குச் சிரிப்பு ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம்.

வெளியே வந்த பிறகும் பேச்சு ஓயவில்லை. அந்தக் கூட்டத்தில் இருந்த கூர்ட் பின்டுஸ், பதிப்பகத்துக்கு வரும் கையெழுத்துப் படிகளைப் படித்து, தேறுமா தேறாதா என்று சொல்லும் வேலையில் இருந்தவர். சினிமாவை மதித்துப் பத்திரிகையில் விமர்சனம் எழுதிய முதல் ஆட்களில் ஒருவர். இத்தாலியிலிருந்து வந்த 'க்வோ வாடிஸ்' பற்றி அந்த ஆண்டுதான் எழுதியிருந்தார். அப்போது ஜெர்மன் கம்பெனிகளுக்கு ஒரு கௌரவ ஆசை வந்திருந்தது. பேர்பெற்ற எழுத்தாளர்களின் கதைகளை விலைக்கு வாங்கி, பெரிய மேடை நடிகர்களை வைத்துப் படம் எடுத்தார்கள். பின்டுஸுக்கு அதில் துளியும் சம்மதமில்லை. மேடையைக் காப்பியடிக்கும்வரை சினிமா உருப்படாது; இடம்விட்டு இடம் தாவுவது, ஓடுவது, நடக்காததை நடத்திக் காட்டுவது, இதெல்லாம்தான் அதன் சொத்து என்பது அவர் கட்சி. நண்பர்களிடம் சொன்னார்: சினிமாவுக்கென்றே ஆளுக்கு ஒரு கதை எழுதித் தாருங்கள், புத்தகமாகப் போடுவோம்.

போட்டார்கள். 'கினோபுக்', அதாவது சினிமாப் புத்தகம், 1913 கடைசியில் கூர்ட் வோல்ஃப் பதிப்பகத்திலிருந்து வெளிவந்தது. தலைப்புப் பக்கத்தில் அச்சிட்ட ஆண்டு 1914. காஃப்காவின் கதைகளைப் போட்ட அதே வோல்ஃப்தான். காஃப்காவின் நண்பர் மாக்ஸ் ப்ரோட் எழுதியது ஓர் இலட்சியவாதிச் சிறுவனின் ஒருநாள். கவிஞர் எல்ஸே லாஸ்கர்-ஷூலர் ஒரு பாஷாவைப் பற்றி எழுதினார். பின்டுஸின் சொந்தச் சரக்குக்குத் தலைப்பு, 'கிறுக்குப் பிடித்த எஞ்சின், அல்லது ஒரு கல்யாணப் பயணத்தின் சாகசங்கள்'. தலைப்பைப் படித்தாலே ஆள் என்ன எதிர்பார்த்தார் என்பது தெரிந்துவிடும். சேர்ந்த கதைகளில் ஒன்றே ஒன்று, லௌடென்ஸாக் என்பவர் எழுதியது, நிஜமாகவே படமாக வந்திருந்தது. மற்றவற்றைக் கம்பெனிக்காரர்கள் தொட்டுப் பார்க்கவில்லை.

இன்று படித்தால், உள்ளதைச் சொல்வதென்றால், பாதிக்கு மேல் கதைச் சுருக்கங்கள்தான். சிறுகதையாக வளர்த்திருக்கலாமே என்றுகூடத் தோன்றும். இருந்தாலும் ஒரு காரியம் நடந்துவிட்டது. படம் வந்த பிறகு, ரசிகருக்கு நினைவுப் பொருளாகத் திரைக்கதைப் புத்தகம் போடுவது நமக்குப் பழக்கமானது. இங்கே படமே கிடையாது. வெறும் திரைக்கதை அட்டை கட்டி, விலை போட்டு, புத்தகக் கடையில் கவிதைத் தொகுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது. வாங்கியவர் வாசகர்.

ஆனால் இதை ஒரு தனி இலக்கிய வடிவத்தின் பிறப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. பின்டுஸும் நண்பர்களும் படம் எடுக்கச் சொல்லித்தான் எழுதினார்கள். அது சினிமாக்காரர்களுக்குப் போட்ட மனு. மனுவுக்குப் பதில் வராததால் புத்தகமாக மிஞ்சியது. பின்டுஸ் நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போனதும், 1963-இல் ஸூரிச்சில் புத்தகம் மறுபடி அச்சானபோது புது முன்னுரையில் அந்தத் தெஸ்ஸாவ் கொட்டகையை நினைவுகூர்ந்ததும் பின்கதை.

கதை அடுத்துப் பாரிஸுக்குப் போகிறது. பிரெஞ்சுக்காரர்களுக்கு இந்த மாதிரிக் காரியத்தில் முன் அனுபவம் உண்டு. 1830 டிசம்பரில் ஆல்ஃப்ரே த ம்யூஸே என்ற, இருபது வயது இன்னும் நிறையாத கவிஞரின் நாடகம் ஓடெயோன் அரங்கில் மேடையேறியது. கதாநாயகி போய்ச் சாய்ந்த தட்டியில் பச்சைப் பெயிண்ட் காயவில்லை. வெள்ளை சாட்டின் உடையில் கட்டம் கட்டமாகப் பச்சை ஒட்டிக்கொள்ள, கூட்டம் சிரித்தே நாடகத்தைக் கொன்றது. ம்யூஸேவுக்கு ரோஷம். இனி மேடைக்கென்று எழுதுவதில்லை என்று, 1832-இல் 'சாய்வு நாற்காலியில் ஒரு காட்சி' என்ற பெயரில் படிப்பதற்கான நாடகங்களை வெளியிட்டார். நடிக்க நினைக்காமல் எழுதியதால் இஷ்டத்துக்கு இடம் மாறின, காலம் தாவின. பிற்பாடு மேடையே இறங்கிவந்து அவற்றைக் கேட்டு வாங்கி நடித்தது.

முதல் உலகப் போரின்போது பாரிஸ் கவிஞர்கள் அமெரிக்கப் படங்களில் விழுந்து கிடந்தார்கள். சாப்ளின், தொடர் படங்கள், எது வந்தாலும் விடவில்லை. 1917-இல் அப்பொலினேர் ஓர் உரையில், இனிக் கவிஞர்கள் சினிமாவையும் கிராமஃபோனையும் கைக்கொள்ள வேண்டும் என்றார். சில வாரங்களில், 1918 ஜனவரியில், ஃபிலிப் சூப்போ ஒரு சிறுபத்திரிகையில் 'சினிமாக் கவிதை' என்று பெயரிட்டே ஒன்றை அச்சிட்டார். காமிரா வாங்கக் காசில்லாதவர்களின் கண்டுபிடிப்பு என்று கிண்டலாகச் சொல்லலாம். அதில் உண்மையும் இருக்கிறது.

இந்தக் கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர் ப்ளேஸ் ஸாந்த்ரார். ஸ்விட்சர்லாந்தில் பிறந்தவர், போரில் வலது கை போய், இடது கையால் எழுதப் பழகியவர். 1919-இல் வந்த 'உலகத்தின் முடிவு' என்ற அவர் புத்தகம் 55 எண்ணிட்ட துண்டுகள் கொண்டது. படங்களும் வண்ண எழுத்துகளும் ஃபெர்னான் லெஜே. கடவுள் இதில் அமெரிக்க மேசைக்கு முன்னால் சுருட்டும் வாயுமாக உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் முதலாளி. தொழிலைப் பெருக்கச் செவ்வாய் கிரகம்வரை போய்வருகிறார். எடுபடவில்லை. சரி, வேதத்தில் சொன்னபடி உலகத்தை முடித்துவிடுவோம் என்று உத்தரவு. பாரிஸ் நோத்ர்தாம் கோயில் உச்சியிலிருக்கும் தேவதை எக்காளம் ஊத, ஊர்கள் சரிகின்றன, உயிர்கள் அழிகின்றன, கடைசியில் இருட்டு. அப்போது புரொஜக்டர் ஓட்டுகிறவனின் கையில் ஏதோ கோளாறு. ரீல் தலைகீழாக ஓட ஆரம்பிக்கிறது. உலகம் மறுபடி முளைத்து, கட்டடங்கள் எழுந்து, கடவுள் பழையபடி மேசைக்கு வந்துவிடுகிறார்.

இதைப் படமாக எடுக்க அந்தக் காலத்தில் யாருக்கும் வக்கில்லை என்பது இருக்கட்டும். தலைகீழாக ஓடும் ரீல் என்ற சங்கதி காகிதத்தில் என்ன செய்கிறது என்று பாருங்கள். எழுத்தாளர் 'எல்லாம் மறுபடி உயிர் பெற்றன' என்று எழுதினால் அது புராணம். ரீல் தலைகீழாக ஓடியது என்று எழுதினால் பிரளயமே ஒரு மெக்கானிக்கின் தவறாகிவிடுகிறது. சினிமாவிடமிருந்து எழுத்து கடன் வாங்கிய முதல் நல்ல நகைச்சுவை இது என்பேன்.

ஜூல் ரொமேனின் 'தோனோகூ-தோன்கா' அடுத்த ஆண்டு, 1920-இல் புத்தகமானது. 'சினிமாக் கதை' என்று அவரே பெயர் கொடுத்தார். ஒரு பூகோளப் பேராசிரியர் தன் நூலில் தென்னமெரிக்காவில் இல்லாத ஊர் ஒன்றை இருப்பதாக எழுதி மாட்டிக்கொள்கிறார். அவர் மானத்தைக் காப்பாற்ற ஓர் ஆள் கிளம்புகிறான். பங்கு விற்று, விளம்பரம் செய்து, தங்கம் கிடைக்கும் என்று நம்பிப் பல நாட்டுக்காரர்கள் வந்து பார்த்தால் வெறும் காடு. வந்தது வந்தோம் என்று அங்கேயே குடிசை போட, ஊர் நிஜமாகவே உண்டாகிவிடுகிறது. இந்த வரிசையில் முதலில் எதைப் படிப்பது என்று கேட்டால் இதைத்தான் கையில் கொடுப்பேன். இது 1930-இல் மேடை நாடகமானது, 1936-இல் படமும் ஆனது. அதனாலேயே நம் கணக்கில் இது பாதிதான் சேர்த்தி.

ஹங்கேரிக்காரர் மோஹோலி-நாகி 1920-களின் தொடக்கத்தில் எழுதிய 'பெருநகரத்தின் இயக்கம்' வேறொரு தினுசு. படம் எடுக்கப் பணம் கிடைக்காமல், 1925-இல் தன் புத்தகம் ஒன்றின் கடைசியில் அதை அச்சிட்டார். கூண்டுக்குள் வெறிகொண்டு குறுக்கும் நெடுக்கும் நடக்கும் புலி, ரயில், 'வேகம் வேகம்' என்று தடித்த எழுத்தில் ஓடும் சொற்கள், கோடுகள், புகைப்படங்கள். பக்கமே திரையாகிவிட்டது. அவர் அப்போது பாடம் நடத்திய பௌஹௌஸ் பள்ளி அதே ஆண்டு இடம் மாறிப் போன ஊர், எதிர்பாராத பொருத்தமாக, தெஸ்ஸாவ்.

இவர்கள் எல்லோரையும் ஒரே தட்டில் வைத்தால், யாரும் படம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைச் சொன்னவர் பென்ஜமின் ஃபோந்தான். ருமேனியாவின் யாஷ் நகரத்தில் 1898-இல் பிறந்த யூதர். சொந்த மொழியில் கவிஞராகப் பேர் வாங்கிவிட்டு 1923-இல் பாரிஸ் வந்தவர். வந்த இடத்தில் பேச்சு பிரெஞ்சு, கையில் காசில்லை. ரஷ்யத் தத்துவவாதி ஷெஸ்தோவிடம் சீடராகச் சேர்ந்தார். 1928-இல் பிரஸ்ஸல்ஸிலிருந்து அவருடைய சின்னப் புத்தகம் ஒன்று வந்தது: 'மூன்று திரைக்கதைகள்'. கீழே 'சினிமாக் கவிதைகள்' என்று ஒரு வரி. மான் ரேயின் புகைப்படங்களும் உண்டு.

முன்னுரையில் ஃபோந்தான் மூடிமறைக்கவில்லை. எடுக்க முடியாத திரைக்கதைகளின் காலத்தைத் தொடங்கி வைப்போம் என்கிறார். சினிமாவை வெறுத்தவர் பேச்சு இல்லை இது. ஊமைப்படத்தை உயிராக நேசித்தவர். அவர் கண்ணில் பட்டது இதுதான்: கவிதைக்குக் காகிதமும் மையும் போதும். படத்துக்கு முதலாளி வேண்டும், ஸ்டூடியோ வேண்டும், போட்ட பணம் திரும்பக் கூட்டம் வேண்டும், சென்சாரின் தயவும் வேண்டும். இத்தனை பேர் கையைத் தாண்டி வரும்போது கவிஞன் நினைத்தது மிஞ்சாது. அதற்கு முந்தின ஆண்டுதான் அமெரிக்காவில் 'ஜாஸ் சிங்கர்' வெளியாகிப் பேசும்படம் பிறந்திருந்தது. செலவு இன்னும் ஏறப்போகிறது, தனி ஆள் காமிராவும் கையுமாகப் படம் எடுக்கும் காலம் முடியப்போகிறது. ஆகவே தாளிலேயே ஓடி, வாசகர் மனத்திலேயே முடியும் படம். பின்டுஸ் போட்டது மனு என்றால் இது ராஜினாமாக் கடிதம். இங்கேதான் இந்த வடிவத்துக்குச் சொந்தப் பிறந்தநாள் வருகிறது என்பது என் எண்ணம்.

அந்தத் திரைக்கதைகள் ஷாட் ஷாட்டாக எண் போட்டவை. எண் என்ன செய்துவிடும் என்று நினைப்பவர்களுக்காக, என் சொந்த உதாரணம் ஒன்று:

1. மேசை. அதன்மேல் பிரிக்காத கடிதம்.
2. கதவுத் தாழ்ப்பாள். அசையவில்லை.
3. க்ளோஸ்-அப்: கடிதத்தின்மேல் ஈரமான விரல்கள்.
4. தாழ்ப்பாள், மறுபடி.

'கணவன் வருவதற்குள் படித்துவிட வேண்டுமே என்று அவள் தவித்தாள்' என்று எந்த வரியும் இல்லை. கணவனும் இல்லை, அவளும் இல்லை. இரண்டாம் எண்ணுக்கும் மூன்றாம் எண்ணுக்கும் நடுவில் படிப்பவரே ஆளைப் போட்டு, பயத்தையும் போட்டுக்கொள்கிறார். படமாக எடுத்தால் இந்த விரல் ஒரு நடிகையின் விரலாகிவிடும். வளையல், நகப்பூச்சு, வயது எல்லாம் முடிவாகிவிடும். தாளில் முடிவாகவில்லை. நாவலில் இதே நான்கு வரி வந்தால் மொட்டையாக நிற்கும். திரைக்கதை என்று பெயர் வைத்துவிட்டதால், வாசகர் எண்ணுக்கு எண் கட் செய்துகொண்டே படிக்கிறார். ஃபோந்தானின் மூன்றும் இந்தச் சூட்சுமத்தில் ஓடுகிறவை. ஆனால் முன்னுரை அளவுக்குத் திரைக்கதைகள் சோபிக்கவில்லை. கனவுக் காட்சிகளை அடுக்கி அடுக்கி, ஓரிடத்தில் மூச்சு முட்டுகிறது.

எழுதி இரண்டு ஆண்டு ஆவதற்குள், 1930-இல், ஃபோந்தான் பாரிஸுக்குப் பக்கத்தில் ஜுவான்வில்லில் இருந்த பாரமவுண்ட் ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தார். ஒரே கதையைப் பல மொழிகளில் அடுத்தடுத்து எடுத்துத் தள்ளும் இடம். அவர் எழுதிய 'ராப்ட்' 1934-இல் வெளியானது. 1936-இல் அந்நாட்டு எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போவின் நட்பில் அர்ஜென்டினா போய், 'தராரிரா' என்ற படத்தைத் தாமே இயக்கினார். வீணைக் குடும்பத்தைச் சேர்ந்த லூட் என்ற வாத்தியம் வாசிக்கும் நால்வர் குழு அதில் நடித்தது. பார்த்த தயாரிப்பாளருக்குப் பிடிக்கவில்லை, வெளியிட மாட்டேன் என்று வைத்துக்கொண்டார். ஸ்டூடியோவையும் முதலாளியையும் பற்றி 1928-இல் அவர் எழுதியது அவர் தலையிலேயே விடிந்தது. எந்த விமர்சகர் சொல்லியிருந்தாலும் இவ்வளவு கச்சிதமாக நிரூபித்திருக்க முடியாது.

1944 மார்ச்சில் பாரிஸில் அவரும் சகோதரி லீனும் கைதானார்கள். மனைவி யூதரல்லாதவர் என்ற காரணம் காட்டி நண்பர்கள் அவரை மட்டும் மீட்க வழி செய்தார்கள். சகோதரியை விட்டு வர மறுத்துவிட்டார். அக்டோபர் தொடக்கத்தில் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்.

படமாகாமல் புத்தகமான திரைக்கதைகள் பிறகு நிறைய வந்தன. இயக்குநர் ஜான் ஹூஸ்டன் கேட்டு ஸார்த்ர் எழுதிய ஃப்ராய்ட் கதை, வெட்டித் தரச் சொன்னதும் இன்னும் நீண்டுபோய், 1984-இல் நூலானது. ஹெரால்ட் பின்டர் 1972-இல் ப்ரூஸ்ட்டின் நாவலைத் திரைக்கதையாக்கினார். பணம் திரளாமல் அதுவும் படமாகவில்லை, அச்சில்தான் வந்தது. இரண்டும் அருமையாகப் படிக்கக்கூடியவை, ஆனால் வயிற்றில் இருந்தபோது படமாகத்தான் இருந்தன. வில்லியம் பரோஸ் 1970-இல் டச்சு ஷூல்ட்ஸ் என்ற தாதாவின் மரணப் பிதற்றலை வைத்து எழுதியதைத் திரைக்கதை வடிவில் ஒரு புனைவு என்றே சொல்லி வெளியிட்டார். ஃபோந்தானின் நேர் வாரிசு அதுதான்.

'தராரிரா'வின் பிரதி ஒன்றுகூட இன்று கிடையாது. 'மூன்று திரைக்கதைகள்' அவருடைய சினிமா எழுத்துகளின் தொகுப்பில் இருக்கிறது. அந்தத் தொகுப்பு 2007-இல் பிரெஞ்சில் கையடக்கப் பதிப்பாகவும் வந்துவிட்டது.