படகுக்காரர் பார்த்த மாமல்லபுரம்

ஜெர்மனியின் கொலோன் நகரத்துக்கும் மைன்ஸுக்கும் இடையே 1827இல் நீராவிப் படகுகள் ஓடத் தொடங்கின. ரைன் கரைக் கோட்டைகளைப் படகில் இருந்தபடியே வேடிக்கை பார்ப்பது ஒரு பழக்கமானது. சென்னைத் துரைமார்களுக்கும் அப்படியொரு உல்லாசம் இருந்தது. சாயங்காலம் அடையாறு பக்கம் படகேறினால், ராத்திரி தூங்கி, விடிந்ததும் மாமல்லபுரம் பார்க்கலாம்.

துரை தூங்க, படகு தானாகவா போச்சு? கழி ஊன்றித் தள்ளியவர்களும் கரையோரம் கயிறு கட்டி இழுத்தவர்களும் பயணக் கதைகளில் நிழலாகக்கூட விழுவதில்லை.

அந்தக் கால்வாயே யார் வெட்டியது? வடக்குக் கால்வாயையும் தெற்குக் கால்வாயையும் இணைக்க, கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே சுமார் 8 கி.மீ. வெட்டப்பட்டது 1877-78இல், பஞ்ச நிவாரண வேலையாக. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லுவாங்களே, அதுதான். 1877 தொடக்கத்தில் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக்குக் குறைத்து நிர்ணயித்த கூலி, நாளுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும். கால்வாய்க்குக் கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர்.

பல்லவச் சிற்பியின் உளியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டோம், நான் உட்பட. இந்த மண்வெட்டியைப் பற்றி?

திருமுடிவாக்கத்தில் எங்கள் ஊரை ஒட்டி ஓடும் அடையாறு இந்தக் கால்வாயைக் கடந்துதான் கடலுக்குப் போகிறது. கூவத்திலிருந்து மயிலாப்பூர் வழியாகத் தெற்கே வரும் அந்தக் கால்வாயில் இன்று பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. படகு போக வழியில்லை.