செவிலி

பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. சங்க அகப்பாடல்களில் உடன்போக்குப் போன தலைவியைத் தேடிப் பாலைவழியில் நடப்பவள் இவள்தான். தொல்காப்பியத்தில் தோழி இவளுடைய மகள். ‘நர்ஸ்’ என்பதன் லத்தீன் வேரும் பாலூட்டி வளர்ப்பதையே குறிப்பதால், அதற்குச் செவிலியைத் தேர்ந்தது பொருத்தம்.

ஊருக்கு வரும் நர்சுக்கு அரசு ஏட்டில் பெயர் ‘கிராம சுகாதார செவிலியர்’. சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் இவர் பணிபுரியும் துணை சுகாதார நிலையம் ஒன்று என்பது கணக்கு. கர்ப்பிணியைப் பதிவது, குழந்தைக்குத் தடுப்பூசி போடுவது, பிரசவமான வீட்டுக்குப் போய்த் தாயையும் சேயையும் பார்ப்பது எல்லாம் இவர் பொறுப்பு. தேடிப்போகும் பழைய வேலை விடவில்லை! தமிழும் தெலுங்கும் புழங்கும் திருத்தணிப் பக்கத்திலோ, இரு மொழிக்கும் பொதுவாக ‘நர்சம்மா’. செவிலி பெண்பால், ‘அர்’ விகுதி சேர்ந்ததும் ஆண் நர்சுக்கும் பொருந்திவிட்டது.