அகமணத்தின் வயது

தன் சாதிக்குள்ளேயே பெண் எடுப்பதும் பெண் கொடுப்பதும் அகமணம் எனப்படும். இந்தியாவில் இந்த வழக்கம் ஆதிகாலம் தொட்டே இருந்துவருவதாகப் பலர் நம்புகின்றனர். ஆங்கிலேயர் காலத்தில்தான் இது இறுகியது என்று வரலாற்றாய்வாளர் சிலர் வாதிட்டனர். இரண்டு கருத்துகளுமே பிழை என்பதைக் கடந்த பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக வெளிவந்துள்ள மரபணுத்தொகுதி ஆய்வுகள் காட்டுகின்றன. அகமணத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு. அதற்கு முன் மக்கள் பல நூற்றாண்டுகள் தாராளமாகக் கலந்து வாழ்ந்திருக்கின்றனர். எந்தக் கல்வெட்டும் செப்பேடும் இதை இவ்வளவு தெளிவாகப் பதிவு செய்யவில்லை. உடலின் உயிரணுக்களோ பதிவு செய்து வைத்திருக்கின்றன.

இந்த வரிசையை, அதாவது கலப்பு முதலில், அடைப்பு பிறகு என்பதை, மரபணு என்ன பொருளால் ஆனது என்றே உலகுக்குத் தெரியாத காலத்தில் ஒருவர் தர்க்கத்தால் கண்டடைந்தார். 1916 மே 9 அன்று நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், கோல்டன்வைசர் நடத்திய மானிடவியல் கருத்தரங்கில், 25 வயது அம்பேத்கர் இந்தியச் சாதிகள் பற்றிய கட்டுரை ஒன்றை வாசித்தார். சாதியின் உயிர்நாடி அகமணமே என்றார் அவர். இந்திய மக்கள் பல இனங்கள் கலந்து உருவானவர்கள். குலத்துக்கு வெளியே மணப்பதே அவர்களின் பழைய நெறி. அந்த நெறியின்மீது அகமணம் பின்னால் வந்து ஏறியது. முதலில் ஒரு வகுப்பு கதவைச் சாத்திக்கொண்டது, மற்றவர்கள் அதைப் பார்த்துச் சாத்திக்கொண்டனர், அல்லது வெளியே விடப்பட்டனர். அவருடைய வாதத்தின் சாரம் இதுதான். அவரிடம் இரத்த மாதிரிகள் இல்லை, கணிப்பொறி இல்லை. இன்றைய ஆய்வு முடிவுகளைப் படித்தவர் எவரும் அந்தக் கட்டுரையை மறுபடி எடுத்துப் படிக்கத் தூண்டப்படுவர்.

அதே காலத்து அரசு ஆய்வாளர்கள் வேறு பாதையில் சென்றனர். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ரிஸ்லி, மூக்கின் அகலத்தை அதன் நீளத்தோடு ஒப்பிட்டு வரும் எண், சாதியின் சமூக நிலையைக் காட்டும் என்று நம்பினார். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், அளவுகோல்களோடு தென்னிந்தியா முழுவதும் சுற்றி மூக்கையும் மண்டையையும் அளந்தார். 1909இல் அவருடைய பெயரில் ஏழு தொகுதிகள் வெளிவந்தன. வழக்காறுகள் பற்றிய தகவல் களஞ்சியமாக அவை இன்றும் பயன்படுகின்றன, அளவைகள் பயன்படவில்லை. ரிஸ்லியின் விதி வட இந்தியாவின் ஒரு பகுதிக்கு வெளியே பொருந்தவில்லை என்பதை 1932இல் சமூகவியலாளர் ஜி.எஸ். குர்யே எடுத்துக்காட்டினார்.

மூக்கிலிருந்து பார்வை இரத்தத்துக்கு நகர்ந்தது. முதல் உலகப்போரின்போது சலோனிகாவில் முகாமிட்டிருந்த பல நாட்டுப் படைவீரர்களின் இரத்த வகையைச் சோதித்த ஹிர்ஸ்ஃபெல்ட் தம்பதியர், இந்தியச் சிப்பாய்களிடம் பி வகை மிகுந்திருப்பதை 1919இல் அறிவித்தனர். 1952இல் இரத்த ஆய்வாளர்களான லேமனும் கட்புஷ்ஷும் நீலகிரிப் பழங்குடியினரிடம், சிவப்பணுவை அரிவாள்போல் வளைக்கும் அரிவாள் அணுக் கூறு இருப்பதைக் கண்டறிந்தனர். பம்பாயில் மரபியலாளர் எல்.டி. சங்வி, அருகருகே வாழும் சாதிகளுக்கு இடையே இரத்தக் கூறுகள் எப்படி வேறுபடுகின்றன என்று ஆராய்ந்தார். குழுக்கள் வேறுபடுகின்றன என்பது உறுதியானது. எப்போதிலிருந்து என்ற கேள்விக்கு மட்டும் இந்த முறைகளால் விடை தர முடியவில்லை.

விடை 2009இல் வரத் தொடங்கியது. ஹைதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் லால்ஜி சிங், குமாரசாமி தங்கராஜ் ஆகியோரும் ஹார்வர்டைச் சேர்ந்த டேவிட் ரைக் குழுவினரும் இணைந்து, 25 குழுக்களைச் சேர்ந்த 132 பேரின் டி.என்.ஏ.வில் ஐந்தரை லட்சத்துக்கும் அதிகமான இடங்களை ஒப்பிட்டனர். இந்தியர்களில் பெரும்பாலோர் இரண்டு தொல்மூதாதையர் கூட்டங்களின் கலப்பு என்று தெரிந்தது. அவற்றுக்குத் தொல் வட இந்திய மூதாதையர், தொல் தென்னிந்திய மூதாதையர் என்று பெயரிட்டனர். முதல் கூட்டம் மத்திய ஆசியா, மேற்கு ஆசியா, ஐரோப்பா ஆகிய பகுதிகளின் மக்களுக்கு நெருங்கியது. இரண்டாவது கூட்டத்தின் தூரத்து உறவினர் அந்தமானின் ஓங்கே மக்கள். ஆராயப்பட்ட பெரும்பாலான குழுக்களில் வட மூதாதையரின் பங்கு 39 முதல் 71 விழுக்காடு வரை இருந்தது. பங்கு கூடலாம், குறையலாம். கலப்பே இல்லாத சாதி ஒன்றும் அகப்படவில்லை. தூய இரத்தம் பற்றிய பேச்சுக்கு அறிவியலில் இடமில்லாமல் போனது அன்றுதான்.

அடுத்த கட்டம் 2013இல் பிரியா மூர்ஜானி தலைமையில் வந்தது. 73 குழுக்களைச் சேர்ந்த 571 பேரின் மரபணுத் தரவுகளிலிருந்து கலப்பு நடந்த காலத்தைக் கணக்கிட்டனர். அந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால்தான் முடிவின் வலிமை புலப்படும். ஒவ்வொருவருக்கும் குரோமோசோம்களில் ஒரு தொகுதி தாயிடமிருந்தும் மற்றொன்று தகப்பனிடமிருந்தும் வருகிறது. அவர் தம் பிள்ளைக்குக் கொடுக்கும்போது இரண்டும் துண்டுகளை மாற்றிக்கொண்டு புதிய கோவையாகச் செல்கின்றன. இரு வேறு கூட்டத்தார் மணந்தால், முதல் தலைமுறையில் ஒரு குரோமோசோம் முழுவதும் ஒரு கூட்டத்தினுடையதாக இருக்கும். அடுத்தடுத்த தலைமுறைகளில் அது துண்டாகிக்கொண்டே போகும். சீட்டுக்கட்டைக் கலைக்கக் கலைக்க ஒரே நிறச் சீட்டுகளின் வரிசை குறுகுவதைப் போல. துண்டுகளின் சராசரி நீளத்தைக் கொண்டு எத்தனை தலைமுறைக்கு முன் கலப்பு நடந்தது என்று சொல்லிவிடலாம். கலப்பு இடைவிடாமல் தொடர்ந்திருந்தால், குறுந்துண்டுகளுக்கு நடுவே புதிய நெடுந்துண்டுகளும் தென்பட வேண்டும்.

அந்த நெடுந்துண்டுகள் கிடைக்கவில்லை. கலப்பு சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பிலிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை நடந்திருக்கிறது. பழங்குடியினரையும் ஒதுக்கப்பட்ட சாதிகளையும்கூட அது விட்டுவைக்கவில்லை. அதன் பிறகு ஓய்ந்துவிட்டது. ஊர் ஒன்று, கிணறு வேறு. தெரு அடுத்தது, சம்பந்தம் கிடையாது என்ற நிலை அப்போது தொடங்கியது.

மேற்கு வங்கத்தின் கல்யாணியிலுள்ள தேசிய உயிர்மருத்துவ மரபணுத்தொகுதியியல் நிறுவனத்தைச் சேர்ந்த பார்த்தா மஜும்தார் குழுவினர், 2016இல் வேறு கணக்கு முறையால் இதே முடிவுக்கு அருகில் வந்தனர். அவர்கள் கணிப்பில் மேல்சாதிகளின் கலப்பு சுமார் 70 தலைமுறைகளுக்கு முன், ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முன், சட்டென்று நின்றது. அது குப்தர் காலம். தரும சாத்திர நெறிகள் அரசின் ஆதரவோடு வலுப்பெற்ற காலம். எல்லா இடத்திலும் கதவு ஒரே நாளில் மூடவில்லை. வங்கப் பிராமணர், மராத்தியர் போன்ற சிலரிடம் கலப்பு இன்னும் சில நூற்றாண்டுகள் நீடித்திருக்கிறது. இந்தக் காலக்கணக்கைச் சங்ககாலத்தோடும் பல்லவர் காலத்தோடும் பொருத்திப் பார்க்கும் ஆசை தமிழ் வாசகருக்கு எழுவது இயல்பு. ஆனால் இம்முறைகளின் பிழை வரம்பு சில நூற்றாண்டுகள். ஓர் அரசனின் ஆட்சியையோ ஒரு நூலின் காலத்தையோ இவற்றைக் கொண்டு தீர்மானிக்க இயலாது.

கலப்புக்கு முந்திய காலத்தின்மீது 2019இல் வெளிச்சம் விழுந்தது. அரியானாவின் ராக்கிகடியில் அறுபதுக்கும் மேற்பட்ட எலும்பு மாதிரிகளைச் சோதித்ததில், ஒரே ஒரு பெண்ணின் எலும்பிலிருந்து மட்டும் பயன்படும் அளவுக்கு டி.என்.ஏ. கிடைத்தது. சிந்துவெளி நாகரிகத்தைச் சேர்ந்த அப்பெண்ணிடம் மத்திய ஆசியப் புல்வெளி மேய்ப்பர்களின் கூறு இல்லை. சிந்துவெளி நகரங்கள் தளர்ந்தபின் அம்மக்கள் தெற்கிலிருந்தவர்களோடு கலந்ததில் தொல் தென்னிந்திய மூதாதையரும், புல்வெளியிலிருந்து வந்தோரோடு கலந்ததில் தொல் வட இந்திய மூதாதையரும் உருவாகினர் என்பது இப்போதைய புரிதல். 2009இல் இரண்டு ஊற்றுகளாகத் தெரிந்தவை இரண்டுமே கலந்த ஆறுகள்தாம். தமிழகத்தின் வெப்பமும் ஈரமும் பழைய டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடுகின்றன. ஆயினும் கீழடியை அடுத்த கொந்தகையின் முதுமக்கள் தாழிகளில் கிடைத்த எலும்புகளை மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டனர்.

கதவு எவ்வளவு இறுக்கமாக மூடியிருந்தது என்பதற்கு ஆரிய வைசியர் சமூகம் தெளிவான சான்று. முப்பது லட்சத்துக்கு மேற்பட்ட மக்களைக் கொண்ட இந்த வணிகச் சமூகம் ஆந்திரம், தெலங்கானா, தமிழகம், கருநாடகம் எங்கும் பரவி வாழ்கிறது. உறவே இல்லாத இரு வைசியர்களின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டாலும் நெடிய துண்டுகள் அச்சு மாறாமல் ஒத்திருக்கின்றன. அவர்கள் அனைவரும் பழைய காலத்துச் சிறு கூட்டம் ஒன்றிலிருந்து பெருகியவர்கள் என்பதே இதன் பொருள். மூதாதையர் இப்படிச் சிறு கூட்டமாகச் சுருங்கிய அந்த மூதாதை ஒடுக்கம் நிகழ்ந்து நூறு தலைமுறைகளுக்கு மேல் ஆகிறது. தலைமுறைக்கு நூற்றில் ஒரு மணம் வெளியிலிருந்து நடந்திருந்தாலும் இந்தத் தடயம் அழிந்துபோயிருக்கும் என்று ரைக் கணக்கிடுகிறார். காலனியக் கணக்கெடுப்புதான் சாதியை இறுக்கியது என்ற வாதத்தில் அரசியல் உண்மை ஓரளவு உண்டு. மணவுறவைப் பொறுத்தவரை அது நிற்காது.

இந்த இறுக்கத்தின் விலை அறுவை அரங்கில் தெரிகிறது. மயக்கமருந்து கொடுக்கும்போது மூச்சுக்குழாயில் குழல் செருகுவதற்காகத் தசைகளைத் தளர்த்த சக்சினைல்கோலின் என்ற மருந்தைச் செலுத்துவர். இரத்தத்திலுள்ள பியூட்டிரில்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அதைச் சிதைத்துவிடுவதால், சில நிமிடங்களில் தசைகள் மீண்டுவிடும். இந்த நொதி இல்லாதவருக்கு அப்படி மீளாது. மூச்சுவிடும் தசைகள் மணிக்கணக்கில் செயலற்றுக் கிடக்கும். செயற்கைச் சுவாசம் இல்லையெனில் உயிருக்கே ஆபத்து. அன்றாட வாழ்வில் இக்குறையால் எந்தத் தொல்லையும் இல்லை. தமக்கு இது இருப்பதே பலருக்குத் தெரியாது. வைசியர்களிடம் இக்குறை பிற சமூகங்களைவிட ஏறத்தாழ நூறு மடங்கு அதிகம். அதற்குக் காரணம் நொதியின் 307ஆம் இடத்தில் லியூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் புரோலின் அமர்ந்திருப்பது என்பதை, கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழகத்தின் ஆர். பூபதி உள்ளிட்ட குழுவினர் 2006இல் வெளியிட்டனர். என்றோ ஒரு மூதாதையிடம் நேர்ந்த எழுத்துப்பிழை, வெளியே செல்ல வழியின்றி அந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது.

வைசியர் தனி விதிவிலக்கு அல்லர். அகர்வால் சமூகத்தில், குழந்தைகளின் தலை பெருத்து மூளையின் வெண்பொருள் பாதிக்கப்படும் அரிய நோய் ஒன்று ஒரே மரபணுப் பிறழ்வால் வருகிறது. 2017இல் நேதன் நகாட்சுகா, தங்கராஜ் முதலியோர் தெற்காசியாவின் 263 குழுக்களை ஆராய்ந்ததில், 81 குழுக்களின் மூதாதை ஒடுக்கம் ஃபின்லாந்து மக்கள், அஷ்கெனாசி யூதர் ஆகியோருடையதைவிடக் கடுமையாக இருந்தது. அவற்றில் 14 குழுக்கள் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்டவை.

இங்கே ஒரு குழப்பத்தை நீக்க வேண்டியிருக்கிறது: அகமணம் வேறு, உறவுமணம் வேறு. தென்னிந்தியாவில் அகமணத்தோடு சேர்ந்தே நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் வழக்கமும் நிலவுகிறது. பங்காளி வீட்டுப் பெண் தங்கை முறை, தொடக்கூடாது. மாமன் மகளும் அத்தை மகளும் முறைப்பெண்கள். அக்காள் மகளைத் தாய்மாமன் கட்டுவதும் உண்டு. வழக்கம் இருக்குமிடத்தில் 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமும் இதற்கு இடம் தருகிறது. முறைப்பெண்ணைக் கட்டியவரின் பிள்ளைக்கு ஒரு மரபணுவின் இரு படிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வரும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. அக்காள் மகளைக் கட்டியவரின் பிள்ளைக்கு எட்டில் ஒன்று. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் ஏறத்தாழ 28 விழுக்காட்டினர் உறவில் மணந்தவர்கள். அந்த ஆய்வில் நாட்டிலேயே இதுதான் அதிகம். தலைமுறை தலைமுறையாக இவ்வழக்கம் நீடித்ததால் கேடான மரபணுக்கள் கழிந்துபோயிருக்கலாம் என்று 1966இல் சங்வி கருதினார். அந்த நம்பிக்கையை மூதாதை ஒடுக்கம் பற்றிய ஆய்வுகள் தாங்கிப் பிடிக்கவில்லை. கோத்திரம் பார்த்து, உறவில் எடுக்காமல், ஆனால் சாதிக்குள்ளேயே மணந்தவர்களின் பிள்ளைகளுக்கும், மரபணுவின் இரு படிகளும் பழுதானால் வெளிப்படும் நோய்கள் வருவது இந்த மூதாதை ஒடுக்கத்தால்தான். கோத்திரம் தந்தைவழிப் பெயரைத்தான் பார்க்கிறது. ஒரு மனிதரின் மூதாதையரில் மிகச் சிறு பங்கே அந்த வழியில் வருகிறவர்கள்.

எல்லா நோய்க்கும் அகமணத்தின்மேல் பழிபோடுவதும் சரியல்ல. இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட, இதயநோயோடு தொடர்புடைய வடிவம் தெற்காசியரில் நூற்றுக்கு நால்வரிடம் உண்டு என்பதை, பெருந்துறை எஸ். தண்டபாணியும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தினர் உள்ளிட்ட சக ஆய்வாளர்களும் 2009இல் அறிவித்தனர். இந்த விடுபாட்டின் வயது சுமார் 33,000 ஆண்டுகள் என்று கணித்தனர். சாதிகளுக்கு வெகுமுன்பே தோன்றியதால் அது பல சாதிகளிலும் பரவியிருக்கிறது.

சமூகத்துக்குள்ளேயே மணந்தும் இத்தகைய நோய்களைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவின் மரபுவழி யூதர்களிடையே 1983 முதல் இயங்கிவரும் தோர் யெஷோரிம் அமைப்பு, மாணவப் பருவத்திலேயே இரத்தம் எடுத்து, பெயருக்குப் பதில் எண் கொடுத்து வைக்கிறது. வரன் பார்க்கும்போது இரு எண்களையும் சொன்னால், இருவரும் ஒரே நோயின் கடத்திகளா என்பதை மட்டும் தெரிவிக்கும். டே சாக்ஸ் என்ற கொடிய குழந்தை நோய் அச்சமூகத்தில் பெருமளவு குறைந்துவிட்டது. வரன் பார்த்து மணம் முடிக்கும் இந்தியாவுக்கும் இம்முறை பொருந்தும் என்று ரைக் எழுதுகிறார். அதற்கு முதலில் எந்தச் சமூகத்தில் எந்தப் பிறழ்வு உண்டு என்ற பட்டியல் வேண்டும். அத்தகைய பட்டியலுக்கு அடித்தளமாகக்கூடிய இந்திய மரபணுத்தொகுதித் திட்டத்தின் தரவுகள் 2025 சனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டன. 83 சமூகங்களைச் சேர்ந்த சுமார் பத்தாயிரம் பேரின் முழு மரபணுத்தொகுதிகள் ஃபரிதாபாத்தின் இந்திய உயிரியல் தரவு மையத்தில் உள்ளன. அகமண வட்டங்களோ நாட்டில் நாலாயிரத்துக்கும் மேல்; பெரும்பாலானவை இந்தத் தரவுத்தொகுப்பில் இடம்பெறவில்லை.