பலேர்மோவில் எரிந்த காகிதங்கள்

"நெருப்பில்லாமல் புகையுமா?" என்று ஊர் கேட்கத் தொடங்கினால் பாதித் தீர்ப்பு எழுதியாயிற்று என்று பொருள். சிசிலித் தீவின் தலைநகரான பலேர்மோவில் இந்தக் கேள்வி ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் நீதிபதியின் நாற்காலியிலேயே அமர்ந்திருந்தது.

1487இல் ஸ்பெயினின் மன்னர் பெர்டினாண்ட் சிசிலியில் சமய விசாரணை மன்றத்தை நிறுவினார். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கடலோரத்து ஸ்தேரி மாளிகை அதன் இருப்பிடமானது. பக்கத்திலேயே சிறைக்கட்டடமும் எழுந்தது. அண்டை வீட்டாரின் ஒரு சொல் போதும், ஆளைப் பிடித்து வந்துவிடுவார்கள். புகார் கொடுத்தவர் யார் என்பது கைதிக்குக் கடைசிவரை தெரியாது.

சந்தேகப் புகை சில நேரம் உண்மையான நெருப்பில் போய் முடிந்தது. தியேகோ லா மத்தினா என்ற துறவி 1657இல் தன் கைவிலங்காலேயே விசாரணை அதிகாரியை அடித்துக் கொன்றார். மறு ஆண்டு அவரை உயிரோடு எரித்தார்கள். 1724 ஏப்ரல் 6 அன்று ஜெல்த்ரூதா என்ற பெண் துறவியும் ரொமுவால்தோ என்ற துறவுச் சகோதரரும் ஊர் திரண்டு பார்க்க எரிக்கப்பட்டனர். இருவரும் அதற்கு முன் ஆண்டுக்கணக்கில் சிறையில் வாடியவர்கள். அந்த நாளை மொங்கித்தோரே என்ற பாதிரியார் திருவிழாவைப்போல வர்ணித்து நூலாக்கியிருக்கிறார். படிக்கையில் நெஞ்சு பதறுகிறது.

1782இல் மன்றம் ஒழிக்கப்பட்டது. அறிவொளிக்காலப் பாரிஸில் பழகி வந்த ஆளுநர் தொமேனிக்கோ கராச்சியோலோ அதை மகிழ்ந்து நிறைவேற்றினார். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் மன்றத்தின் ஆவணக் கட்டுகள் தீயிலிடப்பட்டன.

கொடுமையின் ஏடுகள் சாம்பலாவதைப் பார்த்தவர்களின் நிம்மதி புரிகிறது. ஆனால் அந்த நெருப்பு காட்டிக்கொடுத்தவர்களின் பெயர்களையும் சேர்த்தே அழித்தது. அவர்களின் குடும்பங்கள் தலைநிமிர்ந்து நடந்தன. சிறைப்பட்டவர்கள் தம் தரப்பில் சொன்னதும் அதோடு போயிற்று. இது இரண்டாவது அநீதி என்றே சொல்ல வேண்டும்.

சுவர்களை மட்டும் எரிக்க முடியவில்லை. 1906இல் நாட்டார் வழக்காற்று அறிஞர் ஜுசேப்பே பித்ரே அந்தச் சிறை அறைகளில் சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் கைதிகளின் ஓவியங்களைக் கண்டெடுத்தார். செங்கல் பொடியாலும் கரியாலும் தீட்டிய புனிதர்கள், சிலுவை சுமக்கும் இயேசு, சிசிலியின் வரைபடம், கப்பல்கள். சிசிலி மொழியிலும் லத்தீனிலும் ஆங்கிலத்திலும் எழுதிய வரிகள். இன்று மாளிகை பலேர்மோ பல்கலைக்கழகத்தின் வசம். சிறையை யாரும் சென்று பார்க்கலாம்.

காகிதங்களும் முழுதாக அழிந்துவிடவில்லை. பலேர்மோவிலிருந்து ஆண்டுதோறும் ஸ்பெயினின் தலைமை விசாரணை மன்றத்துக்கு அனுப்பிய வழக்குச் சுருக்கங்கள் மத்ரித் ஆவணக் காப்பகத்தில் தப்பிக் கிடந்தன. வரலாற்றாய்வாளர்கள் அவற்றைச் சுவர் எழுத்துகளோடு ஒப்பிட்டு, அங்கே பெயர் பொறித்த சிலர் யார், எதற்காகப் பிடிபட்டார்கள் என்று கண்டறிந்திருக்கிறார்கள்.