கல்வெட்டும் விண்ணப்பமும்: தாமிரவருணிப் பள்ளத்தாக்கில் அறக்கொடை எழுத்தின் வரலாறு

ஆழ்வார்குறிச்சியின் கடைத்தெருவில் நின்று மேற்கே நோக்குவோருக்குப் பொதிகை மலைத்தொடரும், அதன் அடிவாரத்தில் சிவசைலநாதரும் பரமகல்யாணி அம்மையும் எழுந்தருளியிருக்கும் சிவசைலமும், அங்கிருந்து இறங்கி வந்து தாமிரவருணியோடு கலக்கப்போகும் கடனாநதியும் ஒருசேர நினைவில் எழும். இவ்வூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஏழைப் பிள்ளைகளுக்கு மாலைநேரப் பாடம் நடத்தவோ, ஊனமுற்ற குழந்தைகளுக்குப் பயிற்சி அளிக்கவோ, குளத்தைத் தூர்வாரவோ நாலைந்து நல்லவர்கள் ஒன்றுகூடி ஒரு சங்கத்தை ஏற்படுத்துவார்களாயின், அவர்கள் ஓராண்டுக்குள் வந்து முட்டிக்கொள்ளும் முதற்சுவர் அறக்கட்டளைகளுக்கு எழுதவேண்டிய நிதி விண்ணப்பமாகும். பேச்சு வழக்கில் 'புரொபோசல்' என்று சொல்லப்படும் அந்தப் பத்திரத்தை நேற்று வந்த ஒரு சடங்கு என்று பலரும் எண்ணுகிறார்கள். இதே பள்ளத்தாக்கின் கல்லிலும் செம்பிலும் கடிதங்களிலும் அதன் முன்னோர்கள் இருக்கிறார்கள் என்பதையும், அந்த நீண்ட மாற்றத்தில் பெற்றது எது, இழந்தது எது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆழ்வார்குறிச்சியிலிருந்து அதிக தூரத்தில் இல்லாத அம்பாசமுத்திரத்தில், முற்காலப் பாண்டியர் காலத்து வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. அக்காலத்தில் இளங்கோக்குடி என்று வழங்கிய அவ்வூரின் திருப்போத்துடைய பட்டாரர் கோயிலுக்கு, வரகுண மகாராசன் தொண்டைநாட்டுப் பெண்ணையாற்றங்கரையில் அரைசூரில் தங்கியிருந்தபொழுது 290 காசு கொடுத்த செய்தியை அது கூறுகிறது. அந்தக் காசு செலவழிப்பதற்காகக் கொடுக்கப்படவில்லை. ஊர்ச்சபையார் அதைக் கையேற்று, முதல் கெடாமல், காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 கலம் நெல் வீதம் 580 கலம் நெல்லைப் பொலிசையாக, அதாவது வட்டியாக, அளந்து தரவேண்டும் என்பதும், அந்நெல்லைக் கொண்டு இறைவனுக்கு நாள்தோறும் நடக்கவேண்டிய திருவமுதுக்கு அரிசி எவ்வளவு, நெய் எவ்வளவு, தயிர், வாழைப்பழம், சர்க்கரை, காய்கறி எவ்வளவு என்பதும் அளவோடு எழுதப்பட்டிருக்கின்றன.

இன்றைய நிதி விண்ணப்பத்தை எழுதிப் பழகியவர்கள் இக்கல்வெட்டை வாசித்தால் திடுக்கிடுவார்கள் என்றே நினைக்கிறேன். மூலதனம், அதன் வருவாய் விகிதம், வருவாயைச் செலவிடும் இனங்கள், ஒவ்வோர் இனத்துக்கும் உரிய அளவு, பொறுப்பேற்கும் சபை ஆகிய அனைத்தும் அதில் இருக்கின்றன. இந்நாளில் வரவுசெலவுத் திட்டம் என்று நாம் சொல்வது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. திருச்செந்தூர்க் கோயிலிலும் இதே முறையில் வரகுணன் 1,400 காசைப் பல ஊர்ச் சபைகளிடம் பிரித்துக் கொடுத்து, அதே காசுக்கு 2 கலம் என்ற வீதத்தில் நெல் அளக்கச் செய்தான். ஒரே சபையிடம் முழுத்தொகையையும் ஒப்படைக்காமல் பல இடங்களில் பங்கிட்டு வைத்த அந்த விவேகத்தைக் கருவூலக் கலை அறிந்தவர்கள் பாராட்டாமல் இரார்.

ஆயினும் இக்கல்வெட்டுகளை எழுதியவர்கள் கொடுத்தவர்களே. பெறுகிறவன் கேட்ட குரல் அங்கே காதில் விழுவதில்லை. அக்குரலைக் கேட்க வேண்டுமானால் வேள்விக்குடிச் செப்பேட்டுக்குத் திரும்பவேண்டும். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி முன்னொருகாலத்தில் நற்கொற்றன் என்பவனுக்கு வழங்கிய வேள்விக்குடி, களப்பிரர் காலத்தில் பறிபோயிற்று, எட்டாம் நூற்றாண்டில் நெடுஞ்சடையன் பராந்தகன் நகர்வலம் வருகையில் நற்கொற்றனின் வழிவந்தவன் ஒருவன் முறையிட, மன்னன் உடனே வாரி வழங்கிவிடாமல், பழைய உரிமையை மெய்ப்பித்துக் காட்டு என்று கேட்டான், அவன் காட்டினான், அதன்பின்னரே ஊர் மீண்டது. முறையீடு, சான்று, பரிசீலனை, ஆணை என்ற நான்கு படிகளும் இந்த நிகழ்ச்சியில் ஒழுங்காக அமைந்திருக்கின்றன. பல்லவர் செப்பேடுகளிலும் கொடையை நிறைவேற்றும் ஆணத்தியின் பெயரோடு, அக்கொடைக்காக அரசனிடம் விண்ணப்பம் செய்தவன் பெயரும் பொறிக்கப்படுவது வழக்கம். விண்ணப்பித்தவனுக்கு அது அவமானமாக இருந்திருப்பின் அவன் பெயரைச் செம்பில் வெட்டியிருக்க மாட்டார்கள். கேட்பது இரத்தலோடு ஒன்றெனக் கருதி இன்று கூசி நிற்கும் தொண்டர்கள் இதனை மனங்கொள்ள வேண்டும்.

இடையில் பல நூற்றாண்டுகளை விரைந்து கடந்துவிடலாம். சோழர், பிற்காலப் பாண்டியர், நாயக்கர் காலங்களில் நிலமும் நீரும் மடங்களுக்கும் சத்திரங்களுக்கும் எழுதிவைக்கப்பட்ட முறை அடிப்படையில் மாறவில்லை. மாற்றம் கும்பினி அரசோடு வந்தது. சென்னை அரசாங்கம் 1817ஆம் ஆண்டின் ஏழாவது ஒழுங்குச் சட்டத்தால் கோயில், சத்திரம் முதலிய தர்மங்களைக் கண்காணிக்கும் பொறுப்பை வருவாய் வாரியத்திடம் சேர்த்தது. 1863இல் அப்பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டது. அதே காலத்தில் 1860ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டம், ஏழு பேர் கூடி ஒரு நோக்கத்தை எழுதிக் கையொப்பமிட்டுப் பதிவுசெய்தால் அது சட்டத்தின் பார்வையில் ஒரு ஸ்தாபனமாகும் என்று வகுத்தது. இன்று தமிழ்நாட்டில் நடைமுறையிலுள்ள 1975ஆம் ஆண்டுச் சட்டமும் அந்த வழியிலேயே அமைந்தது.

நெல்லைச் சீமையில் தற்காலப் பொருளில் முதல் நிதி விண்ணப்பங்கள் என்று சொல்லத்தக்கவை, 1816இல் பாளையங்கோட்டைக்குப் படைக்குருவாக வந்த ஜேம்ஸ் ஹஃப் எழுதிய கடிதங்கள். தரங்கம்பாடி, தஞ்சை மிஷன்களின் பழைய தொடர்பால் ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த கிறித்தவர்களைக் கண்டறிந்து, பள்ளிகளை ஏற்படுத்தி, நிலைமையை விவரித்து லண்டன் சங்கங்களுக்கு ஆளும் பொருளும் வேண்டி அவர் எழுதினார். அதன் பயனாகச் சர்ச் மிஷன் சங்கத்தின் சார்பில் 1820இல் ரேனியஸ் பாளையங்கோட்டை வந்தார். கடல்கடந்த ஒரு சங்கம், நேரில் காணாத ஊரை, எழுத்தின் வாயிலாகவே கண்டு பொருளனுப்புகிற முறை இங்கே தொடங்கிற்று. வரகுணன் இளங்கோக்குடியை அறிந்திருந்தான். லண்டன் குழுவோ பாளையங்கோட்டையை ஹஃபின் சொற்களில் மட்டுமே அறிந்தது. எழுத்தாற்றல் அறத்துக்கு இன்றியமையாத கருவியாக மாறியது இந்தக் கட்டத்தில்தான் என்பது என் அபிப்பிராயம். ரேனியஸ், ஜெர்மானியப் பிரபு டோனா என்பவர் அனுப்பிய பொருளால் அமைந்த குடியிருப்புக்கு அவர் பெயராலேயே டோனாவூர் எனப் பெயரிட்டார். கொடையாளியின் பெயர் தமிழ் 'ஊர்' விகுதியோடு ஒட்டிக்கொண்டு இன்றளவும் களக்காட்டுப் பக்கத்தில் நிலைத்து நிற்கிறது.

1854ஆம் ஆண்டு சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கை, தனியார் பள்ளிகளுக்கு அரசாங்கம் உதவித்தொகை வழங்கும் கொள்கையை ஏற்றபின், விண்ணப்பம் கடிதம் என்ற நிலையிலிருந்து படிவம் என்ற நிலைக்கு இறங்கியது. எத்தனை ஆசிரியர், என்ன தகுதி, எத்தனை மாணவர், கட்டடம் எப்படி, உள்ளூர்ப் பங்கு எவ்வளவு என்ற கேள்விகளுக்கு விடை நிரப்புவதும், ஆய்வாளர் வந்து பார்ப்பதும் வழக்கமாயின. பின்னர்ச் சென்னை இராஜதானியில் மாணவர் தேர்வில் காட்டும் பயனுக்கு ஏற்பத் தொகை வழங்கும் முறையும் கைக்கொள்ளப்பட்டது. பணம் கொடுப்பவர் பயனை எண்ணிக் கேட்பது நியாயமே; ஆனால் எண்ணக்கூடியவற்றை மட்டுமே கற்பிக்கப் பள்ளிகளைத் தூண்டிய அந்த முறையின் நிழல், இன்று 'எத்தனை பயனாளிகள்' என்று மட்டும் கேட்கும் நிதியாளர் படிவங்களிலும் விழுந்திருக்கிறது.

இத்தனைக்கும் மாறான ஒரு வழியும் இதே நெல்லைச் சீமையில் இருந்தது. டோனாவூரில் 1901முதல் குழந்தைகளைக் காத்து வளர்த்த எமி கார்மைக்கேல், எவரிடமும் பொருள் கேட்பதில்லை என்ற விரதத்தை 1951இல் மறையும்வரை காத்தார். அவருடைய நூல்களை வாசித்தவர்கள் தாமாகவே அனுப்பினார்கள். அவ்வழியைப் போற்றுகிறேன். ஆனால் நூல்கள் கடல்கடந்து வாசிக்கப்படும் ஒருவரால் இயலும் அந்த விரதம், கடையம் பக்கத்துச் சிற்றூர்ச் சங்கம் ஒன்றால் இயலாது என்பதையும் சொல்லியாகவேண்டும்.

ஆழ்வார்குறிச்சிக்கென்றே அமைந்த கொடைமுறை இவ்விரண்டிலும் சேராதது. சிம்சன் உள்ளிட்ட அமால்கமேஷன்ஸ் தொழிற்குழுமத்தை உருவாக்கிய எஸ். அனந்தராமகிருஷ்ணன் இவ்வூரின் மைந்தர். ஊரின் அம்மை பெயரைத் தாங்கிய ஸ்ரீ பரமகல்யாணி கல்லூரி அந்தக் குடும்பத்தின் பரோபகாரத்தால் எழுந்தது. அவருடைய மகன் தாங்கிய சிவசைலம் என்ற பெயரே ஊர்ப்பற்றுக்குச் சாட்சி. பிறந்த மண்ணின் தேவையைப் படிவம் பார்த்து அறியவேண்டிய அவசியம் அத்தகைய கொடையாளிக்கு இல்லை. ஆனால் எல்லா ஊரும் இப்படி ஒரு மைந்தரைப் பெறுவதில்லை. பெற்ற ஊரிலும் அடுத்த தலைமுறையின் தேவைகள் வேறாகின்றன.

விடுதலைக்குப் பின் 1953இல் துர்காபாய் தேஷ்முக் தலைமையில் மத்திய சமூகநல வாரியம் அமைந்து, தொண்டு ஸ்தாபனங்களுக்கு மானியம் வழங்கத் தொடங்கியபொழுது, உள்ளூர்ச் சங்கங்கள் தில்லியை நோக்கி எழுதப் பழகின. டாட்டா குடும்பத்தின் அறக்கட்டளைகள் அதற்கு முன்பே, 1919இலும் 1932இலும் தோன்றிவிட்டன. அவசரநிலைக் காலத்தில் பிறந்த 1976ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 2010ஆம் ஆண்டுச் சட்டமும் அயல்நாட்டுப் பொருளை அரசின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தன. 2020ஆம் ஆண்டுத் திருத்தம், பெறும் பணம் முழுவதும் புதுதில்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே கிளையில் வந்திறங்க வேண்டும் என்றும், நிர்வாகச் செலவு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதத்துக்குக் குறைய வேண்டும் என்றும், பெற்ற ஸ்தாபனம் இன்னொரு ஸ்தாபனத்துக்கு அப்பணத்தை மாற்றித் தரலாகாது என்றும் விதித்தது. இந்த மூன்றாவது விதியே கிராமத்தைக் கடுமையாகத் தாக்கியது. ஏனெனில் நகரத்தின் பெரிய ஸ்தாபனம் தன் பெயரில் பெற்று, கணக்குக் கேட்டு, சிறுசங்கங்களுக்குப் பகிர்ந்தளித்த பாதை அதனால் அடைபட்டது.

மறுபுறம், 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுவரவோ, 5 கோடி நிகர லாபமோ உடைய கம்பெனிகள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று விதித்து, 2014 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அப்பணத்தைப் பெற விரும்பும் சங்கமோ அறக்கட்டளையோ 12ஏ, 80ஜி என்று வழங்கும் வருமானவரிப் பதிவுகளையும், 2021முதல் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தனிப் பதிவையும் பெற்றிருக்க வேண்டும். மூன்றாண்டு அனுபவமும் காட்டவேண்டும்.

இவ்வளவையும் ஒரு கிராமத்து ஸ்தாபனம் தாண்டமுடியும் என்பதற்குத் தென்காசியை அடுத்த ஆய்க்குடியே சான்று. கடற்படைத் தேர்வின்போது நேர்ந்த விபத்தால் கழுத்துக்குக் கீழ் இயக்கமிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981இல், உலகம் ஊனமுற்றோர் ஆண்டு கொண்டாடிய அவ்வாண்டில், அமர் சேவா சங்கத்தைச் சிறுகுடிசைப் பள்ளியாகத் தொடங்கினார். தசைநலிவால் சக்கர நாற்காலியில் அமர்ந்த பட்டயக் கணக்கர் சங்கரராமன் பின்னர் வந்து இணைந்தார். குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாட்டை வீட்டுக்கே சென்று கண்டறிந்து பயிற்சி அளிக்கும் அவர்களுடைய பணிக்குக் கனடா நாட்டின் கிராண்ட் சேலஞ்சஸ் நிதியம் வரை உதவி கிடைத்தது. தொண்டுள்ளமும் கணக்கறிவும் ஒரே கூரையின்கீழ் சேர்ந்ததே அந்த வெற்றியின் காரணம் என்பேன். வரகுணன் காலத்துச் சபையாருக்கும் அந்த இரண்டுமே தேவைப்பட்டன.

இழப்பு எங்கே நிகழ்ந்தது என்பதை இப்பொழுது காணலாம். வேள்விக்குடியான் முறையிட்டது தன் மொழியில். இளங்கோக்குடிச் சபையார் ஏற்ற நிபந்தனை தங்கள் மொழியில், தாங்கள் நாளும் கடந்து செல்லும் கோயிற் கல்லில். இன்றோ பெரும்பாலான அறக்கட்டளைப் படிவங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. கடனாநதிக் கரையில் இருபது ஆண்டு உழைத்த ஒருவர், தம் ஊரின் தேவையைத் தமிழில் ஒரு மணிநேரம் தடையின்றிச் சொல்லக்கூடியவர், அந்தப் படிவத்தின் முதற்பக்கத்திலேயே நின்றுவிடுகிறார். எழுதித்தரும் ஆளுக்குக் கூலி கொடுக்கும் வசதியுள்ள நகரத்துச் சங்கம் முன்னே செல்கிறது. தகுதி குறைந்ததால் அவர் தோற்கவில்லை என்பது பரிசீலிக்கும் குழுவுக்குத் தெரியவும் வழியில்லை.

ஆகவே இரு விண்ணப்பங்களை நானும் முன்வைக்கிறேன். ஆழ்வார்குறிச்சிக் கல்லூரியைப்போல் கிராமத்தின் நடுவே அமைந்த கல்லூரிகளின் வணிகவியல், தமிழ்த் துறைகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்களையும் தணிக்கையாளர்களையும் சேர்த்துக்கொண்டு, வாரத்தில் ஒரு மாலையேனும் சிறுசங்கங்களுக்குப் பதிவும் கணக்கும் விண்ணப்பமும் எழுதக் கற்றுக்கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் பொருள் வழங்கும் அறக்கட்டளைகளும் கம்பெனிகளும் தமிழில் எழுதிய விண்ணப்பங்களை ஏற்கவேண்டும். அம்பாசமுத்திரத்து 290 காசின் கணக்கு முழுவதும் தமிழிலேயே எழுதப்பட்டிருக்கிறது.